கடலடியைப் பார்த்தவள்

ஐதுதாக்கி, அருதங்கா
ஏப்ரல் 9

அகாயிதிக்கு,

போனில் நாம் இருவருமே பேசுகிறோம், கேட்பதற்கு ஆள் இல்லாமல் போகிறது. அதனால் எழுதுகிறேன். உன் கப்பல் எண்ணெய் நிரப்ப ரரோதொங்கா துறைமுகத்துக்கு வரும்போது இது உன் கையில் சேரும் என்று கம்பெனியின் ஏஜெண்டு ஆபீசில் சொன்னார்கள்.

உன் படம் செய்தித்தாளில் முதல் பக்கத்தில் வந்திருக்கிறது. ஆரஞ்சு நிறத் தலைக்கவசம், கையில் உருளைக்கிழங்கு போல அந்தக் கறுப்பு உலோகக் கல், முகம் நிறையச் சிரிப்பு. "ஐந்தாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து நம் செல்வம்" என்று கீழே போட்டிருக்கிறார்கள். கடைக்கார தெபாயேரு அதை வெட்டி கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டாள். ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம் உன் பல்வரிசையைத் தரிசித்துவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது.

"என்ன டீச்சர், தங்கச்சி உங்களை மிஞ்சிட்டா போல?" என்றாள் நேற்று.

"அவ சின்ன வயசுலேர்ந்தே ஓட்டக்காரி" என்று சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ரொட்டி என் கையில் நசுங்கிக் கிடக்கிறது.

மறைப்பானேன்? வயிறு எரிகிறது. கப்பலில் அந்தப் பயிற்சி இடத்துக்கு நானும்தான் விண்ணப்பித்தேன். வெளிச்சம் போகும் ஆழம், போகாத ஆழம், அதற்கும் கீழே என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குக் கடலை அடுக்கடுக்காகச் சொல்லிக்கொடுப்பவள் நான். நீயும் அந்த வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவள்தான். நேர்முகத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்க கப்பலுக்குப் போயிட்டா அம்மாவை யார் பார்த்துக்குவாங்க?" உன்னிடம் அதைக் கேட்டார்களா? கேட்டிருந்தாலும் உன்னிடம் பதில் தயாராக இருந்திருக்கும். அந்தப் பதிலின் பெயர் தெகூரா.

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு வலது கை இன்னும் தூக்க வரவில்லை. வாய் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது. வருகிறவர்கள் எல்லாரிடமும் உன் படத்தைக் காட்டி, "இதைத் திங்க முடியாதாம், ஆனா இதை வெச்சு பேட்டரி செஞ்சு கார் ஓட்டலாமாம்" என்று விளக்குகிறாள்.

அடுத்த மாதம் தலைநகர் ரரோதொங்காவிலிருந்து அதிகாரிகள் நம் தீவுக்கு வருகிறார்கள். கடலடிச் சுரங்கத்துக்கு விதிகள் எழுதியிருக்கிறார்களாம், ஊர் கருத்துச் சொல்ல வேண்டுமாம். தடித்த புத்தகம். நான் படித்துக்கொண்டிருக்கிறேன். கரையில் கிடப்பவளுக்கு வேறென்ன வேலை?

தெகூரா

*

அவாதியு துறைமுகம், ரரோதொங்கா
மே 2

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன், அப்புறம் கோபம் வந்தது, அப்புறம் ரொட்டியை நினைத்து மறுபடி சிரித்தேன்.

அந்தத் தலைக்கவசம் என்னுடையது இல்லை. படம் எடுக்கக் கொடுத்தார்கள், எடுத்ததும் வாங்கிக்கொண்டார்கள். கப்பலில் எனக்குப் பெயரே கிடையாது. "உள்ளூர்ப் பெண் எங்கே, கூப்பிடு" என்பான் கிரெய்க். கம்பெனி சார்பில் எங்களுக்கு மேலே இருப்பவன். விருந்தாளி வந்தால் உள்ளூர்ப் பெண் சிரிக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் திரை முன்னால் உட்கார்ந்து அடியில் கேமரா காட்டுவதைப் பார்த்துக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் வாரம் முழுக்க வாந்தி. நீ வந்திருந்தால் உனக்கு வாந்தி வந்திருக்காது, தெரியும். நீ எதிலும் தடுமாற மாட்டாய். அதுதான் உன்னிடம் எனக்கு எரிச்சல்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், நான் இந்தக் கல்லுக்கு எதிரி இல்லை. உன் வகுப்பில் என்னோடு படித்தவர்களில் எத்தனை பேர் இப்போது ஐதுதாக்கியில் இருக்கிறார்கள்? எல்லாரும் ஆக்லாந்து, பிரிஸ்பேன். அம்மாவை ஸ்கேன் எடுக்கக்கூட நியூசிலாந்துக்கு ஏற்றி அனுப்பினோமே. இந்தக் கல் அதை மாற்றுமானால் எடுக்கட்டும். ஒழுங்காக எடுக்கட்டும், அவ்வளவுதான்.

அந்த "ஒழுங்காக" என்பதில்தான் இங்கே இந்த வாரம் ஒரு தகராறு. கடிதம் ஏஜெண்டு ஆபீஸ் வழியாகப் போகிறது, அதனால் எழுத மாட்டேன்.

இன்னொரு செய்தி. ஜூலையில் கிங்ஸ்டனில் உலக நாடுகள் எல்லாம் கூடி, பொதுக் கடலுக்கான இதே மாதிரி விதிகளைப் பற்றித்தான் பேசப்போகின்றன. பயிற்சி பெறுகிறவர்களில் இரண்டு பேரைக் கம்பெனி ஜமைக்காவுக்கு அழைத்துப் போகிறது. ஒன்று நான். ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் படி.

எனக்கும் எரிகிறது என்று சொன்னால் நம்புவாயா? போனில் அம்மா என்னிடம் "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்று கேட்டு முடித்துவிடுகிறாள். பக்கத்திலிருக்கும் உன்னோடு சண்டை போடுவது எனக்குக் கேட்கிறது. அவள் வேண்டியவர்களோடு மட்டும்தான் சண்டை போடுவாள்.

அகாயிதி

*

ஐதுதாக்கி
மே 19

அகாயிதிக்கு,

ஹாலில் கூட்டம் நடந்தது. வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

ஊரே வந்திருந்தது. கம்பெனி செலவில் அடுப்புக்குழியில் பன்றி வெந்துகொண்டிருந்தது, அந்த வாசனையும் காரணம். பாஸ்டர் ஜெபம் செய்தார். வாசலில் எல்லாருக்கும் நீலச் சட்டை கொடுத்தார்கள். அம்மா இரண்டு வாங்கிக்கொண்டாள். அதிகாரி நல்ல மனிதர், பொறுமையாகப் படம் போட்டு விளக்கினார். மருத்துவமனை, சாலை, பிள்ளைகளின் படிப்பு. பலர் தலையாட்டினார்கள். என் தலையும் ஆடியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பிறகு நான் எழுந்தேன்.

"சார், சுரங்கக் கப்பல்ல கெடுதல் நடக்குதான்னு பார்க்க ஒரு கண்காணிப்பாளர் இருப்பார்னு விதி சொல்லுது. நல்லது. அவருக்குச் சம்பளம் யார் தர்றா?"

"உரிமம் வாங்கின கம்பெனி தரும்மா. அரசாங்கத்துக்குச் செலவு இல்ல."

"அதாவது, கோழிக்கூட்டுக்குக் காவல்காரன். அவனுக்குச் சாப்பாடு போடறது நரி."

ஹால் குலுங்கியது. பின்வரிசை ஆண்கள் பெஞ்சைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது, அகாயிதி. வகுப்பில் யாரும் எனக்குக் கைதட்டியதில்லை. அது உள்ளே போய் என்னவோ செய்தது. உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"என் கூடப்பிறந்தவளே இப்ப அந்தக் கப்பல்லதான் இருக்கா. கல்லாவுக்குப் பின்னால அவ சிரிக்கிற படத்தை நீங்க எல்லாரும் பார்த்திருக்கீங்க. சம்பளம் குடுக்கறவனுக்கு எதிரா அவ வாயைத் திறப்பாளா? சிரிக்கத்தான் செய்வா!"

இன்னும் பெரிய சத்தம். ரேடியோக்காரன் பதிவு செய்துகொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், மற்றவர்கள் கூட்டிச் சொல்வார்கள். நான் கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை.

தெகூரா

*

ரரோதொங்கா
ஜூன் 3

தெகூரா,

அக்கா என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

கப்பலிலிருந்து இறங்கிய அன்று கடைத்தெருவில் மூன்று பேர் என்னைப் பார்த்துக் கோழி போலக் கூவினார்கள். எனக்குப் புரியவில்லை. நாலாவது ஆள் விளக்கம் சொன்னார். "உங்க அக்கா பிச்சு உதறிட்டாங்க!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல?

விதியைக் கேட்டாய், சரி. நரி என்றாய், சரி. அதோடு நிறுத்தியிருந்தால் நானே பெஞ்சைத் தட்டியிருப்பேன். என்னை ஏன் இழுத்தாய்? உனக்குத் தேவைப்பட்டது சிரிப்பு. ஹாலில் கையெட்டும் தூரத்தில் நான் இல்லை, அதனால் என்னை எடுத்து எறிந்தாய்.

கிங்ஸ்டன் பட்டியலில் என் பெயர் இப்போது இல்லை. உன் பேச்சைக் கம்பெனிக்காரர்களும் ரேடியோவில் கேட்டார்கள். மிச்சத்தை நீயே கூட்டிப் பார்த்துக்கொள், கணக்கு டீச்சரும் நீதானே.

உனக்குத் திருப்திதானே? ஓட்டக்காரி விழுந்துவிட்டாள்.

அகாயிதி

*

ஐதுதாக்கி
ஜூன் 12

அகாயிதிக்கு,

உன் கடிதத்துக்குப் பதிலாக நாலு முறை எழுதிக் கிழித்தேன். மன்னிப்புக் கேட்டால், "அப்படியானால் ஏன் பேசினாய்" என்பாய். கேட்காவிட்டால் நான் கல்நெஞ்சுக்காரி. கேட்கிறேன். உன்னை இழுத்தது தவறு. உன் வாய்ப்பைப் பறிக்க நான் நினைக்கவில்லை. நினைக்கவே இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டாம் என்று மனசாட்சி சொல்கிறது, அதனால் செய்யவில்லை.

இனி வருவது உனக்கு இன்னும் கசக்கும். ரரோதொங்காவில் கடலுக்காகப் பாடுபடும் ஒரு குழு அந்த ரேடியோப் பேச்சைக் கேட்டிருக்கிறது. கிங்ஸ்டன் கூட்டத்தில் அவர்கள் சார்பில் மூன்று நிமிடம் பேச என்னை அழைக்கிறார்கள். டிக்கெட், தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

உன் நாற்காலியில் உட்காரப் போகிறேன் என்று நீ சொல்வாய். வேறு நாற்காலிதான், ஆனால் அறை ஒன்றுதான். போகாமல் இருக்க முடியுமா என்று யோசித்தேன். முடியவில்லை. வயது நாற்பத்து நாலாகிறது, நான் ஆக்லாந்தைத் தாண்டியதில்லை.

அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள்? இந்தக் கேள்வியை இந்த முறை நான் உன்னிடம் கேட்கிறேன்.

தெகூரா

*

ரரோதொங்கா
ஜூன் 16

வருகிறேன். அம்மாவுக்காக. நீ புறப்படும் விமானத்திலேயே நான் வந்து இறங்குவேன், ஓடுபாதையில் எதிரெதிரே நடந்துகொள்வோம். பேச வேண்டியதில்லை. அம்மாவின் மாத்திரை விவரத்தை அடுக்களையில் எழுதி வை.

கிங்ஸ்டனுக்கு மெல்லிய துணிகளாக எடுத்துக்கொள். அங்கே போகிறவர்களுக்கு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது. எனக்குப் பயன்படவில்லை, உனக்காவது பயன்படட்டும்.

அகாயிதி

*

கிங்ஸ்டன், ஜமைக்கா
ஜூலை 16

அகாயிதி,

இன்று பேசிவிட்டேன். தபால் போய்ச் சேர நாளாகும், அதனால் இதை எழுதிப் படமெடுத்துப் போனில் அனுப்புகிறேன், நீயும் அப்படியே அனுப்பு. ஆனால் நடந்ததை வரிசையாகத்தான் சொல்ல வேண்டும்.

காலையில் தேநீர் வேளையில் ஃபிஜிக்காரப் பெண் ஒருத்தி என் கழுத்திலிருந்த பெயரட்டையைப் பார்த்து நின்றாள். லிதியா. உன் கப்பலில் இருந்த விஞ்ஞானியாம்.

"நீங்க அகாயிதியோட அக்காவா? முகச்சாடை அப்படியே இருக்கு. அவ எங்க? வரலையா?"

"அவ வர முடியல. என்னாலதான். நான் ஊர்க் கூட்டத்துல பேசினது..."

"உங்களாலயா?" அவள் சிரித்தாள். "நீங்க ஹால்ல பேசறதுக்கு முன்னாலேயே அவ பேரைப் பட்டியல்லேர்ந்து அடிச்சுட்டாங்களே. கேமரா குறிப்புல அவ கையெழுத்து போட மாட்டேன்னுட்டா. கிரெய்க் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான், 'தெளிவாகத் தெரியவில்லை'ன்னு எழுதி ஒரு கையெழுத்துதானே, போடுன்னு. இவ சொன்னா, 'எனக்குத் தெளிவாத் தெரிஞ்சுது. பார்க்கற ஆளுக்கு நீங்களே சம்பளம் குடுத்தா அவன் எப்படிப் பார்ப்பான்?'னு. சாப்பாட்டு மேசையில, எல்லார் முன்னாலயும்! நாங்க நாலு பேரும் தட்டைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தோம். நான்கூட ஒண்ணும் பேசல."

என் கையில் தேநீர் ஆறிப்போனது. என் கேள்வி, அகாயிதி. அப்படியே என் கேள்வி. நான் விதிப் புத்தகத்தைப் படித்து ஊகித்ததை நீ அங்கே உட்கார்ந்து, நேரே பார்த்து, வேலையைப் பணயம் வைத்துக் கேட்டிருக்கிறாய். எனக்கு முன்னால்.

நியாயமாக எனக்கு அப்போது வந்திருக்க வேண்டியது பெருமை. வந்தது என்ன தெரியுமா? இதிலும் இவள் முந்திவிட்டாளே என்ற எரிச்சல்.

மதியம் என் முறை வந்தது. பெரிய அரங்கு, காதில் மொழிபெயர்ப்புக் கருவி. நாடுகள் எல்லாம் பேசி முடித்து, பாதி நாற்காலிகள் காலியான பிறகுதான் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுகிறார்கள். எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். கண்காணிப்பவர் கம்பெனியின் ஊதியத்தில் இருக்கக் கூடாது, எங்கள் தீவிலும் கூடாது, எந்தக் கடலிலும் கூடாது. கடைசியில் ஒரு வரி சேர்க்க நேரம் இருந்தது. "இதை முதலில் கேட்டவள் என் தங்கை." அவ்வளவுதான். வாய் வரை வந்தது. நேரம் முடிந்தது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரியவில்லை, யாரும் தடுக்கவில்லை. நான் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

யாரும் கைதட்டவில்லை. இங்கே தட்டுவதில்லையாம். தலைவர் அடுத்த பெயரை வாசித்தார். இரண்டு நாட்டுக்காரர்கள் வந்து என் பேச்சின் நகல் கேட்டார்கள். கொடுத்தேன். அதிலும் உன் பெயர் இல்லை.

என்னால்தான் உனக்கு இடம் போனது என்று ஏன் என்னை நம்பவிட்டாய்? அந்த ஒரு கோபம் மட்டும் என்னிடம் மிச்சம் இருக்கிறது. மற்றபடி கோபப்பட எனக்கு முகம் இல்லை.

தெகூரா

*

ஐதுதாக்கி
ஜூலை 22

அக்கா,

ஏன் நம்பவிட்டேன் என்று கேட்டாய். மூடிய அறையில் நான் கேட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை, நாலு பேர் தட்டைப் பார்த்தார்கள். நீ அதையே ஹாலில் கேட்டாய், ஊரே தட்டியது. எனக்கு வேலையைத் தின்ற கேள்வி உனக்கு மாலை போட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை. பழியையாவது உன்மேல் போடலாம் என்று தோன்றியது. இத்தனை வருடமாக உனக்கு மட்டும்தான் வயிறு எரியும் என்று நினைத்தாயா?

உன் கடிதம் வந்த மறுநாளே பாராளுமன்றக் குழு சாட்சி கேட்க இங்கே வந்தது. அதே ஹால். இந்த முறை பன்றி இல்லை, அதனால் பாதிக் கூட்டம்தான். நான் பேசுவதாக இல்லை. கம்பெனியில் இன்னும் எனக்கு ஒரு பயணம் பாக்கி இருந்தது, வாயை மூடிக்கொண்டிருந்தால் அதாவது கிடைக்கும். உன் கடிதத்தைப் படித்த பிறகு இருப்புக் கொள்ளவில்லை. நீ என் பெயரைச் சொல்லியிருந்தால் ஒருவேளை நான் வீட்டிலேயே இருந்திருப்பேன். சொல்லாததால் போனேன். அம்மாவையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன், நீலச் சட்டையோடு.

பெயரைச் சொன்னேன். தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஓ, தெகூரா டீச்சரோட தங்கச்சியா?" என்றார். அங்கேயே திரும்பிவிடலாமா என்றிருந்தது.

திரும்பவில்லை. சொன்னேன். "அடியில ஒரு சின்ன எந்திரத்தை இழுத்துப் பார்த்தாங்க. கிளம்பற சேறு அவங்க வரைபடத்துல போட்ட கோட்டுக்குள்ளயே அடங்கிடும்னு கணக்கு. கோட்டுக்கு வெளிய ஒரு கேமரா. நான் பார்த்தது அதைத்தான். அடங்கல. பனி மாதிரி விழுந்துக்கிட்டே இருந்தது."

"சத்தமாச் சொல்லுடி, பின்னால கேக்கல!" அம்மாதான்.

சத்தமாகச் சொன்னேன். "ஒரு கல்லு மேல வெள்ளையா ஒரு உயிர். நட்சத்திர மீன் மாதிரி, ஆனா கை அஞ்சும் நூல் மாதிரி மெல்லிசு. மேல சேறு விழ விழ, கையைத் தூக்கி உதறுது. மறுபடி விழுது. மறுபடி உதறுது. என் வேலை நேரம் முழுக்க அதையேதான் பார்த்தேன். கடைசியில சேறு விழுந்துது, அது உதறல. அதைத்தான் 'தெளிவாகத் தெரியவில்லை'ன்னு எழுதச் சொன்னாங்க."

யாரும் பெஞ்சைத் தட்டவில்லை. நான் எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குழுவில் ஒருவர் கேட்டார். "கல்லை எடுக்கவே கூடாதுங்கறீங்களா?"

"அதை எனக்குச் சொல்லத் தெரியல சார். எடுக்கறதா இருந்தா, பார்க்கறவளுக்கு நீங்க சம்பளம் குடுங்க. நாடு குடுக்கட்டும். கம்பெனி குடுக்கக் கூடாது."

அவர் சிரித்தார். "இது உங்க அக்கா கிங்ஸ்டன்ல சொன்னதுதானே? பேப்பர்ல படிச்சேனே."

ஹாலில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முதலில் கேட்டது என்று சொல்லியிருக்கலாம். சாட்சிக்கு லிதியா இருக்கிறாள். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வந்தது வேறு.

"ஆமா சார். அவ சொன்னா. நான் பார்த்தேன்."

அந்த விதியை மாற்றச் சொல்லிக் குழு பரிந்துரைக்கிறது. கண்காணிப்பாளரைப் பாராளுமன்றம் நியமிக்கும், சம்பளம் தனி நிதியிலிருந்து வரும். பரிந்துரைதான், சட்டமாக வேண்டும், அதற்குள் யார் யாரோ காதைக் கடிப்பார்கள். ஆனால் தலைவர் அதை எழுதி உரக்க வாசித்தார். மறுநாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. என் இரண்டாவது பயணம் ரத்து.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னோடு சண்டை போட்டாள். தாரோக் கிழங்கை வேகவைக்கத் தெரியவில்லையாம், உப்புப் போடத் தெரியவில்லையாம், கப்பலில் என்னதான் கற்றுக்கொண்டாயாம். ஒரு மணி நேரம் திட்டினாள். நான் எதிர்த்துப் பேசிக்கொண்டே அழுதேன். சந்தோஷமாக இருந்தது.

உன்மேல் ஒரே ஒரு குறை மிச்சம். விதியைப் பற்றி எழுதினாய், கைதட்டலைப் பற்றி எழுதினாய், என் பல்லைப் பற்றிக்கூட எழுதினாய். அங்கே நான் என்ன பார்த்தேன் என்று ஒரு கடிதத்திலும் நீ கேட்கவில்லை.

அகாயிதி

*

ஆக்லாந்து விமான நிலையம்
ஜூலை 24

அகாயிதி,

அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கிறேன். போனில் உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். மூன்றாவது முறை பக்கத்து இருக்கைக்காரர் கைக்குட்டை நீட்டினார்.

பொறாமை தீர்ந்தது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். தீரவில்லை. அந்த உயிரின் பெயர் எனக்குத் தெரியும், அதன் உடல் அமைப்பு தெரியும், எந்த ஆழத்தில் வாழும் என்று தெரியும். அது உதறும் என்பது எனக்குத் தெரியாது. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு எப்படி எரியாமல் இருக்கும்?

கேட்கவில்லை என்கிறாய். கேட்டிருந்தால், நான் பார்க்காததை நீ பார்த்தாய் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். அதனால்தான்.

நாளை வருகிறேன். அம்மாவுக்குச் சோறு ஊட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து சொல். குறுக்கே பேச மாட்டேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் இப்போதே கேட்டுவிடுகிறேன், அதற்கு மேல் பொறுக்காது.

அது எந்தக் கையை முதலில் தூக்கியது?

அக்கா